பொண்ணு ரெடியா, தயாரா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்கு நாள் முழுக்க மெயில் எழுதுவதுதான் வேலை. போன மாதம் டையிங்கில், அதாவது சாயம் ஏற்றும் இடத்தில், துணி தாமதமாகிவிட்டது. 'இந்த வாரம் அனுப்ப நாங்கள் ரெடியாக இல்லை' என்று சொல்ல வேண்டும். 'ரெடி' ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்ததால் அகராதியைப் பார்த்து, 'வீ ஆர் நாட் ப்ரிபேர்டு டு ஷிப் திஸ் வீக்' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பையர் எங்கள் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். சரக்கு அனுப்ப மாட்டோம் என்று நான் மிரட்டுகிறேனாம். இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தானே? 'கெட் ரெடி'க்கு இணையான சொற்களை, எதை எங்கே போடுவது என்பதோடு ஒரு பட்டியலாகத் தந்தால் மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. வினையே அதனால்தான் வந்தது. எங்காவது ஒரு பிழை இருந்திருந்தால், 'பாவம், ஆங்கிலம் தடுமாறுகிறது, என்ன சொல்ல வருகிறார் என்று பார்ப்போம்' என்று அந்த பையர் நிதானித்திருப்பார். நீங்கள் எழுதியதோ வக்கீல் நோட்டீஸில் வருகிற மாதிரி சுத்தமான ஆங்கிலம். எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்.

'ப்ரிபேர்டு டு' என்று எழுதி, அதன்பின் ஒரு வினைச்சொல்லைப் போட்டால், அங்கே பேச்சு பெரும்பாலும் சம்மதத்தைப் பற்றியது. 'ஐ ஆம் ப்ரிபேர்டு டு வெயிட்' என்றால் காத்திருக்கச் சம்மதம். 'ஐ ஆம் நாட் ப்ரிபேர்டு டு வெயிட்' என்றால் காத்திருக்க மாட்டேன், பேச்சுக்கே இடமில்லை. கடன் பாக்கி வைத்தவருக்கு எழுதும் கடைசிக் கடிதத்தில் வருகிற தொனி அது. 'இந்த வாரம் சரக்கு அனுப்ப எங்களுக்கு இஷ்டமில்லை' என்று உங்கள் பையர் படித்ததில் வியப்பில்லை.

இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது வந்து "பொண்ணு இன்னும் ரெடியாகலை" என்றால் ஜடை பின்னி முடியவில்லை, பூ வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்வோம். அதே ஆள் "பொண்ணு தயாராக இல்லை" என்று சொன்னால் மண்டபமே எழுந்து நின்றுவிடும். 'பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் தயாராக இல்லை' என்று செய்தித்தாளில் படிக்கும்போது, நிர்வாகம் இன்னும் சட்டை மாட்டவில்லை என்றா நினைக்கிறோம்? மறுக்கிறது என்றுதான் நினைக்கிறோம். தமிழில் 'தயார்' எங்கே முறுக்கிக்கொள்கிறதோ, ஆங்கிலத்தில் அங்கே 'ப்ரிபேர்டு டு' முறுக்கிக்கொள்ளும். ('தயார்' என்பதே உருது வழியாக நமக்கு வந்த சொல். வந்த இடத்தில் கௌரவமாக உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த 'ரெடி'தான் வீட்டு வேலையெல்லாம் பார்க்கிறது.)

அப்படியானால் என்ன எழுதியிருக்கலாம்? 'தி குட்ஸ் வில் நாட் பி ரெடி திஸ் வீக்.' எழுவாயை மாற்றிவிட்டேன், பாருங்கள். 'வீ' போய் 'குட்ஸ்' வந்துவிட்டது. சரக்குக்கு இஷ்டமும் கிடையாது, வீம்பும் கிடையாது. அது தயாராகவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று மட்டும்தான் பொருள். 'வீ ஆர் நாட் ரெடி டு ஷிப்' என்றிருந்தாலும் பெரிய சண்டை வந்திருக்காது. ஆனால் 'ரெடி டு'வுக்கும் சில இடங்களில் சம்மதச் சாயல் உண்டு. கெட்ட செய்தி சொல்லும்போது சரக்கை முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்னால் நிற்பது நல்லது.

'ப்ரிபேர்டு'க்குப் பின்னால் 'ஃபார்' வந்தால் பயமில்லை. 'வீ ஆர் ப்ரிபேர்டு ஃபார் தி ஆடிட்' என்றால் ஆடிட்டுக்கு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். 'ஃபார்' வந்தால் ஆயத்தம், 'டு' வந்தால் சம்மதம். உங்கள் மேஜையில் ஒட்ட ஏதாவது வேண்டும் என்றால் இந்த ஒரு வரியை ஒட்டுங்கள்.

பட்டியல் தரப்போவதில்லை. காரணம், உங்களை மாட்டிவிட்டதே ஒரு பட்டியல்தான். அகராதியில் 'ரெடி'க்கு நேரே 'ப்ரிபேர்டு' என்று இருந்தது, எடுத்துப் போட்டீர்கள். ஒரே பொருள் என்று அடுக்கி வைத்திருக்கும் சொற்கள் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் மாதிரி. முகவரி கிட்டத்தட்ட ஒன்று, குணம் வேறு.

முதலில் 'கெட் ரெடி'யையும் 'ப்ரிபேர்'ஐயும் பிரித்துக்கொள்வோம். உங்கள் கட்டிங் செக்‌ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். நிட்டிங் துணி ரோலாக வந்ததும் யாரும் கத்தரியை எடுப்பதில்லை. ரோலைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகப் போட்டு ஒரு ராத்திரி ஆறவிடுகிறார்கள். இழுபட்ட துணி சுருங்க வேண்டிய அளவு அங்கேயே சுருங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக. அப்புறம் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஷேட் பார்க்கிறார்கள், துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுகிறார்கள், வெட்டும் அளவு வரைந்த மார்க்கர் தாளை மேலே விரிக்கிறார்கள். இத்தனையும் 'ப்ரிபேர்'. மறுநாள் காலையில் கட்டிங் மாஸ்டர் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து "சரி, வெட்டலாம்" என்று சொல்லும் அந்த நிலைமைதான் 'ரெடி'. 'ப்ரிபேர்' என்ற சொல்லில் வேலையும் நேரமும் யோசனையும் இருக்கின்றன. 'கெட் ரெடி' போய்ச் சேர்கிற நிலையைத்தான் பார்க்கிறது, எப்படிச் சேர்ந்தோம் என்று கேட்பதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் 'கெட் ரெடி' என்கிறார்கள். குளித்து, சாப்பிட்டு, பையை மாட்டினால் போதும். அந்தப் பிள்ளையே பரீட்சைக்குப் படிக்கும்போது 'ப்ரிபேர்' வந்துவிடுகிறது.

அந்தப் பரீட்சையில்தான் அடுத்த குழி. 'ஐ ஆம் ப்ரிபேரிங் தி எக்ஸாம்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி எழுதினால் நீங்கள் கேள்வித்தாள் தயாரிக்கும் வாத்தியார் ஆகிவிடுவீர்கள். எழுதப்போகும் மாணவர் என்றால் 'ப்ரிபேரிங் ஃபார் தி எக்ஸாம்'. இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகம் வேண்டாம், நம் வேற்றுமை உருபே போதும். 'தேர்வைத் தயாரிக்கிறேன்', 'தேர்வுக்குத் தயாராகிறேன்' என்று இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'ஐ' வந்தால் வெறும் 'ப்ரிபேர்'. 'கு' வந்தால் கூடவே 'ஃபார்'. ரிப்போர்ட்டைத் தயாரிக்கிறோம், அதனால் 'ப்ரிபேர் தி ரிப்போர்ட்'. மீட்டிங்குக்குத் தயாராகிறோம், அதனால் 'ப்ரிபேர் ஃபார் தி மீட்டிங்'. இத்தனை வருடத்தில் நான் வகுப்பில் சொன்னவற்றில் மாணவர்கள் மறக்காத ஒன்று இது. 'கெட் ரெடி'க்கும் 'ஃபார்'தான் துணை. வினைச்சொல் வந்தால் மட்டும் 'டு'. 'கெட் ரெடி ஃபார் தி மீட்டிங்', 'கெட் ரெடி டு லீவ்'.

இனி நம் ஊர் 'ரெடி'. ஆங்கிலச் சொல்தானே, அப்படியே திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். அது இங்கே வந்து பல வருடமாகி, புதுசு புதுசாக வேலை கற்றுக்கொண்டுவிட்டது. 'வண்டியை ரெடி பண்ணணும்' என்றால் மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்று பொருள். இதை நினைத்துக்கொண்டு 'ஐ காட் மை பைக் ரெடி' என்று எழுதினால், வண்டியைத் துடைத்துப் பெட்ரோல் போட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று படிப்பார்கள். பழுது பார்த்ததைச் சொல்ல 'ரிப்பேர்டு' அல்லது 'ஃபிக்ஸ்டு' வேண்டும். 'பணம் ரெடி பண்ணணும்' என்றால் 'அரேஞ்ச்'. 'ரெண்டு டெய்லர் ரெடி பண்ணுங்க' என்றால் 'ஃபைண்ட்'. இந்த மூன்றிலும் தமிழில் ஒரே 'ரெடி', ஆங்கிலத்தில் மூன்று வேறு வினை.

காகித விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'டாக்குமெண்ட் ரெடி பண்ணிட்டோம்' என்று நாம் வெள்ளந்தியாகச் சொல்கிறோம். ஆனால் 'சர்டிபிகேட் ரெடி பண்ணித் தரேன்' என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது வேறு சர்டிபிகேட். ஆங்கிலத்தில் அந்த வாடை 'ஃபிக்ஸ்' என்ற சொல்லில் அடிக்கும். 'வீ ஹேவ் ஃபிக்ஸ்டு தி டெஸ்ட் ரிப்போர்ட்' என்று பையருக்கு எழுதிவிடாதீர்கள். சாயம் போகிற துணிக்கு நல்ல ரிப்போர்ட் வாங்கிவிட்டோம் என்று படித்தாலும் படிப்பார். 'தி டெஸ்ட் ரிப்போர்ட் இஸ் ரெடி' போதும். மறுபடியும் எழுவாய் பொருள்தான், ஆள் இல்லை.

'கிளம்பு' என்ற சொல்லும் இதே வீட்டுப் பிள்ளை. நம்மில் பாதிப் பேர் குளியலறைக்குள் இருந்தபடியே "கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்கிறவர்கள். "கிளம்பிட்டு இருக்கேன்" என்றால் உடுத்திக்கொண்டிருக்கிறேன் என்றுதான் பொருள், ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கெட்டிங் ரெடி'. இதை 'ஐ ஆம் ஸ்டார்ட்டட்' என்று எழுதுவது நம் பக்கத்து வழக்கம், நம் பக்கத்தில் மட்டுமே செல்லும். வாசல் தாண்டிவிட்டால் 'ஐ ஹேவ் லெஃப்ட்' அல்லது 'ஐ ஆம் ஆன் மை வே'. தாண்டவில்லை என்றால், தாண்டவில்லை என்றே எழுதலாம்.

இணைச்சொற்களில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு, 'கியர் அப்'பும் 'பிரேஸ்'ஸும். டிசம்பர் மாதம் ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்தால் இரண்டும் ஒரே ஊருக்கு வரும். மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை 'கியர்ஸ் அப்' என்பார்கள். புயலுக்குச் சென்னை 'பிரேஸஸ்' என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எந்தச் சொல் வந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

'கியர்' என்றதும் பைக் கியர் ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் பழைய பொருள் உடுப்பு, கவசம், குதிரைச் சேணம், கருவி. போருக்கோ பயணத்துக்கோ எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் அது. நம் 'வரிந்து கட்டுதல்' கிட்டத்தட்ட அதே காட்சி. அதனால் ஆள்பலமும் ஆரவாரமும் உள்ள இடத்தில்தான் இந்தச் சொல் பொருந்தும். தேர்தலுக்கு, தீபாவளி விற்பனைக்கு, பீக் சீசனுக்குக் கம்பெனியே 'கியர் அப்' செய்யலாம். நீங்கள் பல் பிடுங்கப் போவதற்கு வேண்டாம்.

'பிரேஸ்' பல் பிடுங்குவதற்குப் பொருந்தும். பழைய பிரெஞ்சில் இரு கைகளைக் குறித்த சொல்லின் வழி வந்தது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வருவது கண்ணாடி வழியே தெரிகிறது. டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குள் நாம் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்து, காலை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொள்கிறோமே, அதுதான் 'பிரேஸ்'. வரப்போவதைத் தடுக்க முடியாது, அடியைத் தாங்கிக்கொள்ளத்தான் முடியும். விமானம் ஆபத்தில் தரையிறங்கும்போது பணிப்பெண்கள் 'பிரேஸ், பிரேஸ்' என்று கத்துவதும் இதே சொல்லைத்தான். ஆகவே நல்ல விஷயத்துக்கு இதைப் போட்டால் கிண்டலாகிவிடும். 'மாமியார் வருகைக்கு பிரேஸ் செய்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால் அவர் வீட்டு நிலவரம் முழுவதும் தெரிந்துவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த கம்பெனியைப் பார்வையிட வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. மில்லுக்குள் சத்தம் அதிகம், வெயில் வேறு, பருத்தி உடுப்பும் நல்ல ஷூவும் போட்டு வந்தால் நல்லது என்று அக்கறையாகச் சொல்ல நினைத்தேன். 'கைண்ட்லி ப்ரிபேர் யுவர்செல்ஃப் ஃபார் தி விசிட்' என்று எழுதிவிட்டேன். 'ப்ரிபேர் யுவர்செல்ஃப்' என்று தனியாகச் சொன்னால், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிற மாதிரி இருக்கும்: மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று. வந்தவர் கைகுலுக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே ஏதாவது விபத்தா?" அன்றிலிருந்து 'யுவர்செல்ஃப்' என்ற சொல்லைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

அமெரிக்க பையர்கள் எழுதும் 'ஆல் செட்' பற்றியும் ஒரு வார்த்தை. 'ஆர் யூ ஆல் செட்?' என்றால் எல்லாம் சரியாக இருக்கிறதா, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார்கள். 'ஐ ஆம் ஆல் செட்' என்று அவர்கள் பதில் சொன்னால் பெரும்பாலும் 'போதும், வேண்டாம்' என்று அர்த்தம். கூடுதல் சாம்பிள் அனுப்பவா என்று நீங்கள் கேட்டு, அவர் 'வீ ஆர் ஆல் செட்' என்று எழுதினால், வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று கூரியர் போட்டுவிடாதீர்கள். 'செட்' என்ற சொல்லுக்கு அசையாமல் பொருந்தி நிற்கும் குணம் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் கவனித்திருப்பீர்கள். 400 மீட்டர் வரையிலான பந்தயங்களில் 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும் போய்க் குனிகிறார்கள், 'செட்' என்றதும் இடுப்பைத் தூக்கிச் சிலையாக நிற்கிறார்கள், பிறகு துப்பாக்கி. அதைவிட நீண்ட பந்தயங்களில் 'செட்' கட்டளையே கிடையாது.

பள்ளியில் சாரணர் படையில் இருந்திருந்தால் 'பி ப்ரிபேர்டு' என்ற குறிக்கோளைக் கேட்டிருப்பீர்கள். 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் முதல் சாரணர் முகாமை நடத்திய பேடன் பவல் கொடுத்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளும் அந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளும் ஒன்றே. அங்கே 'கெட் ரெடி' என்று வைத்திருந்தால் எடுபட்டிருக்காது. 'கெட் ரெடி' என்றால் எதற்கு, எப்போது என்று கேள்வி வரும். 'பி ப்ரிபேர்டு' எதற்கென்று சொல்லாமலே எப்போதும் அப்படி இரு என்கிறது. மழைக்காலத்துக்கு முன் அரசுத் துறைகள் சொல்லும் 'ப்ரிபேர்ட்னஸ்' அந்தக் குடும்பம்தான். ஷிப்மென்ட் தேதி கேட்கும் பையருக்கு அந்தப் பெரிய சொல் தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு தேதி.

ஆகவே சாதாரணமாகத் தெரிகிறது என்பதற்காக 'ரெடி'யை ஒதுக்காதீர்கள். தொழில் கடிதங்களில் அது தாராளமாகச் செல்லும், பெரிய பெரிய கம்பெனிகளும் அதைத்தான் எழுதுகின்றன.

இப்போது அந்த பையருக்கு எழுத வேண்டியது. நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம். 'மை லாஸ்ட் மெயில் வாஸ் பேட்லி வேர்டெட். தி ஃபேப்ரிக் வாஸ் லேட் ஃப்ரம் டையிங், ஸோ தி குட்ஸ் வேர் நாட் ரெடி' என்று ஆரம்பியுங்கள். தப்பு உங்கள் சொல்லில்தான், எண்ணத்தில் இல்லை என்று முதல் வரியே சொல்லிவிடும். அடுத்து, சரக்கு எந்தத் தேதியில் தூத்துக்குடி போகிறது என்று எழுதுங்கள். பேக்கிங் மாஸ்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் தேதிக்கு மேலே இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அவருடைய 'ரெடி'யும் நம் ஊர் 'ரெடி'தானே.

கார்ட்டன் ஒட்டி, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த அன்று 'வீ ஆர் ஆல் ரெடி டு ஷிப்' என்று ஒரு வரி அனுப்புங்கள். அனுப்பும் முன் 'ஆல்' என்பதற்கும் 'ரெடி' என்பதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் போனால் அது 'ஏற்கெனவே' ஆகிவிடும், அவர் மறுபடியும் முதலாளிக்கு போன் போடுவார்.